இன்றோடு மட்டையைக் கீழே வைத்தால் போதுமா? ஹால் ஆஃப் ஃபேம் விவாதத்துக்கு ஓர் அறிமுகம்

சை யங் என்ற பிட்சர், அதாவது பந்தெறிபவர், தன் வாழ்நாளில் 511 ஆட்டங்களை வென்றார். அந்த எண்ணை இன்றுவரை ஒருவரும் நெருங்கவில்லை; இனி நெருங்கவும் வழியில்லை. ஒவ்வோர் ஆண்டும் சிறந்த பிட்சருக்குத் தரும் விருதுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் 1936இல், தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு நடந்த முதல் தேர்தலில் தோற்றுப்போனார். பாதி ஓட்டுகூட விழவில்லை. அடுத்த வருடம்தான் மயிரிழையில் உள்ளே போனார்.

அதே 1936இல், இந்த விளையாட்டின் மிகப் பெரிய நட்சத்திரமான பேப் ரூத்துக்குக் கிடைத்தது 226இல் 215 ஓட்டு. ஜெயித்துவிட்டார், சரி. ஆனால் மீதி 11 பேர் பேப் ரூத்தை விட்டுவிட்டு யாரைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஆடி முடித்தவர்களிடமே இவ்வளவு குழப்பம் என்றால், இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களை வைத்து நடக்கும் விவாதம் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் நவம்பர் தொடங்கி மார்ச் வரை பேஸ்பால் கிடையாது. அந்தக் குளிர்காலத்தை ரசிகர்கள் ஓட்டுவது பெரும்பாலும் இந்தப் பேச்சில்தான். இவர் உள்ளே போவாரா, மாட்டாரா? எறிவது, அடிப்பது இரண்டிலும் கலக்கும் ஜப்பான் வீரர் ஓட்டானியைப் பார்த்து இந்த விளையாட்டுக்குள் புதிதாக வந்தவர்களுக்கு இந்தச் சண்டை தலையும் புரியாது, வாலும் புரியாது. அவர்களுக்காகத்தான் இது. இதில் வரும் எண்கள் 2025 சீசன் முடிந்த நிலையிலானவை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்று ஒரு சின்ன ஊர். இரண்டாயிரம் பேர்கூட இல்லை. 1839இல் அப்னர் டபிள்டே என்பவர் இங்கேதான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை இருந்தது. அதை நம்பி, நூறாவது ஆண்டான 1939இல் அருங்காட்சியகத்தை இங்கே திறந்தார்கள். கதை பொய் என்று பிறகு தெரிந்துவிட்டது. கட்டடம் கட்டியாயிற்றே, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதன் ஒரு கூடத்தில் வெண்கலத் தகடுகள் வரிசையாக மாட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முகம், கீழே சில வரிகள். வீரர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள், நிர்வாகிகள் என எல்லோரையும் சேர்த்தே சுமார் 350 தகடுகள்தான். அமெரிக்க மேஜர் லீக்கில் இதுவரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடியிருக்கிறார்கள் என்பதோடு ஒப்பிட்டால் அந்த எண்ணின் அருமை தெரியும்.

உள்ளே போவதற்கு வழி என்ன? மேஜர் லீக்கில் குறைந்தது 10 சீசன் ஆடியிருக்க வேண்டும். ஓய்வு பெற்று ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். அப்புறம் ஓட்டு. ஓட்டுப் போடுபவர்கள் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் பத்து வருடம் தொடர்ந்து உறுப்பினராக இருந்த பத்திரிகையாளர்கள். 2025இல் 394 பேர் போட்டார்கள். ஒருவர் அதிகபட்சம் பத்துப் பெயர் எழுதலாம், ஒன்றுமே எழுதாமல் வெற்றுச் சீட்டாகவும் அனுப்பலாம். நூற்றுக்கு 75 ஓட்டு வாங்கினால் கூப்பர்ஸ்டவுன். ஐந்துக்கும் கீழே போனால் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் மாட்டியவர்கள் அடுத்த வருடம் மறுபடி வரலாம், மொத்தம் பத்து முறை. பத்திலும் தேறாதவர்களை 16 பேர் கொண்ட ஒரு குழு பின்னாளில் எடுத்துப் பார்க்கலாம். அதில் 12 பேர் சம்மதிக்க வேண்டும்.

விதி அவ்வளவுதான். எத்தனை ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) அடித்தால் தகுதி, எத்தனை வெற்றி பெற்றால் தகுதி என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. சண்டை பிறப்பது அந்த இடத்தில்தான்.

எழுதி வைக்காததால் ரசிகர்களே சில மைல்கற்களை நட்டுக்கொண்டார்கள். மட்டையடிப்பவர் என்றால் 3,000 ஹிட் அல்லது 500 ஹோம் ரன். பிட்சர் என்றால் 300 வெற்றி அல்லது 3,000 ஸ்ட்ரைக் அவுட் (எதிரில் நிற்பவரைப் பந்தை அடிக்கவிடாமலே அவுட் ஆக்குவது). ஹிட் என்பதை ரன் என்று நினைத்துவிடாதீர்கள். பந்தை அடித்துவிட்டு, எதிரணியின் தவறு எதுவும் இல்லாமல், அவுட் ஆகாமல் ஓடி முதல் பேஸையாவது (ஓடித் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) தொட்டால் அது ஒரு ஹிட். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். அதில் 200 ஹிட் அடித்தால் அபார சீசன். அதையே 15 வருடம் விடாமல் செய்தால்தான் 3,000 வரும். இதுவரை 33 பேருக்குத்தான் வந்திருக்கிறது.

இந்த மைல்கற்கள் ரொம்ப காலம் நன்றாகவே வேலை செய்தன. இப்போது ஆட்டம் மாறிவிட்டது, கற்கள் மட்டும் அதே இடத்தில் நிற்கின்றன. பிட்சர்களின் வெற்றிக் கணக்கைப் பாருங்கள். முன்பெல்லாம் தொடங்கியவரே கடைசிவரை எறிவார். இன்று ஒன்பது இன்னிங்ஸில் ஐந்து, ஆறு ஆனதும் ஆளை மாற்றிவிடுகிறார்கள். அதனால் வெற்றி அவர் கணக்கில் ஏறுவது குறைந்துவிட்டது. 300 வெற்றியைக் கடைசியாகத் தொட்டவர் ராண்டி ஜான்சன், 2009இல். இப்போது ஆடுபவர்களில் முதலிடத்தில் இருக்கும் ஜஸ்டின் வெர்லாண்டர் 42 வயது வரை எறிந்து சேர்த்திருப்பது 266. அவருக்குப் பிறகு யாரும் அவ்வளவு தூரம்கூடப் போவார்கள் என்று தோன்றவில்லை. அப்படியானால் 300 என்ற அளவுகோலை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால் இனி ஒரு பிட்சரும் உள்ளே போக முடியாது.

அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் வார் என்ற கணக்கு. ஒரு வீரர் அணியில் இல்லாமல், அவருக்குப் பதில் கீழ்மட்ட லீக்கிலிருந்து யாரோ ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தால் அணி எத்தனை ஆட்டம் கூடுதலாகத் தோற்றிருக்கும்? அதுதான் வார். மட்டையடி, ஓட்டம், தடுப்பு எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடைக்கிறது. ஒரு சீசனில் எட்டு வந்தால் அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருதுக்குப் போட்டியிடலாம். வாழ்நாளில் 60, 70 வந்தால் கூப்பர்ஸ்டவுன் பேச்சு தொடங்கும். இந்தக் கணக்கைப் போடும் தளங்களே ஆளுக்கொரு விடை தருகின்றன என்பதால் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வைத்துச் சண்டை போடுவது வீண். ஆனாலும் போடுவார்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்த விவாதம் முழுவதையும் இரண்டே சொற்களில் அடக்கலாம்: உயரம், நீளம். ஒருவர் உச்சத்தில் இருந்தபோது எவ்வளவு உயரத்தில் இருந்தார்? எத்தனை காலம் நன்றாக ஆடினார்? இரண்டும் இருந்தால் பேச்சே இல்லை. ஒன்று மட்டும் இருக்கும்போதுதான் குரல் உயரும். ஜே ஜாஃபி என்ற எழுத்தாளர் இதற்காகவே ஜாஸ் என்று ஒரு கணக்கு உண்டாக்கினார். வாழ்நாள் வாரையும் மிகச் சிறந்த ஏழு சீசன்களின் வாரையும் கூட்டி இரண்டால் வகுப்பது. நீளத்துக்குப் பாதி, உயரத்துக்குப் பாதி. நியாயமான பங்கீடுதான், ஆனால் ஏன் பாதிக்குப் பாதி என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

ஆடிக்கொண்டிருப்பவர்களை எடைபோட ரசிகர்கள் கேட்கும் கேள்வி எளியது. இவர் இன்றோடு மட்டையைக் கீழே வைத்தால் போதுமா? நாளை என்ன செய்வார் என்ற ஊகம் எதையும் சேர்க்கக் கூடாது. இதுவரை செய்தது மட்டும்தான் கணக்கு.

இந்தக் கேள்விக்குத் தயங்காமல் ஆம் சொல்லக்கூடியவர்கள் சிலர் இருக்கிறார்கள். வெர்லாண்டர், மேக்ஸ் ஷெர்ஸர் இருவரிடமும் தலா மூன்று சை யங் விருதுகள், 3,000க்கு மேல் ஸ்ட்ரைக் அவுட்கள். அவர்கள் தலைமுறையின் மூன்றாவது ஆளான கிளேட்டன் கெர்ஷாவும் 2025 ஜூலையில் அந்த 3,000ஐத் தொட்டு, சீசன் முடிந்ததும் விடைபெற்றுவிட்டார். இவர்களுக்காக வாதாட வக்கீல் தேவையில்லை. மட்டையடிப்பவர்களில் மூக்கி பெட்ஸ், ஃபிரெடி ஃபிரீமன் இருவரையும் இதே வரிசையில் சேர்ப்பேன். ஃபிரீமன், சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 2024இன் முதல் ஆட்டத்தில், நொண்டும் கணுக்காலோடு, பத்தாவது இன்னிங்ஸில் நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம் அடித்து ஆட்டத்தை முடித்து வைத்தார். உலகத் தொடரில் அப்படி ஓர் அடியோடு ஆட்டம் முடிந்தது அதுவே முதல்முறை. எழுத்தாளர்கள் எண்களைப் பார்ப்பதாகச் சொல்வார்கள். சீட்டைக் கையில் எடுக்கும்போது நினைவுக்கு வருவது இதுபோன்ற இரவுகள்தான்.

நினைவுக்கு வர அப்படி ஓர் இரவுகூட இல்லாதவர் மைக் ட்ரவுட். அவருடைய அணியான ஏஞ்சல்ஸ் அவர் காலத்தில் அக்டோபரில் நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்குப் போனது ஒரே முறை, 2014இல். மூன்றே ஆட்டம், மூன்றிலும் தோல்வி. ட்ரவுட் அந்த மூன்று ஆட்டத்தில் அடித்தது ஒரே ஒரு ஹிட். அதுவும் ஹோம் ரன்தான் என்பது வேறு விஷயம். ஓட்டானியும் ட்ரவுட்டும் 2018இலிருந்து 2023 வரை ஆறு சீசன் ஒரே அணியில் இருந்தார்கள். அந்த ஆறில் ஒன்றில்கூட ஏஞ்சல்ஸ் தோற்றதைவிட அதிகம் ஜெயிக்கவில்லை. இப்படியும் ஓர் அணியை நடத்த முடியுமா என்று எனக்கு வியப்பு உண்டு.

ட்ரவுட் விஷயத்தில் உயரம் என்றால் என்ன என்பது நன்றாகத் தெரியும். மூன்று எம்விபி விருதுகள், நான்கு முறை அதில் இரண்டாமிடம். 28 வயதிலேயே அவருடைய வார் 70ஐத் தாண்டிவிட்டது. அதாவது மற்றவர்கள் நாற்பதை எட்டும்வரை ஆடிச் சேர்ப்பதை அவர் முப்பதுக்குள் சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகு காயம் மேல் காயம். 2021இல் 36 ஆட்டம், 2024இல் 29 ஆட்டம். 2025இல் ஒருவழியாக 400ஆவது ஹோம் ரன் வந்தது. இப்போது புதிதாகப் பார்க்க வந்தவர்கள், இவரையா இவ்வளவு கொண்டாடினீர்கள் என்று கேட்கிறார்கள். இன்றோடு நிறுத்தினாலும் உள்ளே போவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின்பாதி சரிந்தது என்பதற்காக முன்பாதியை யாரும் அழித்துவிட முடியாது.

ஆரன் ஜட்ஜ் கதை இதற்கு நேர்மாறு. அவர் முழு சீசன் ஆடத் தொடங்கியபோதே 25 வயது. வந்த வேகத்தில் 52 ஹோம் ரன். 2022இல் 62 அடித்து, மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சாதனையை உடைத்தார். எம்விபி விருது மூன்று: 2022, 2024, 2025. ஆனால் தாமதமாகத் தொடங்கியவருக்கு நீளம் எப்படி வரும்? ஹோம் ரன் கணக்கு இப்போது 368. ஹிட் கணக்கில் 3,000 என்பதைக் கனவிலும் நினைக்க முடியாது. பத்து சீசன் என்ற விதிக்கு, 2016 கடைசியில் ஆடிய 27 ஆட்டத்தையும் ஒரு சீசனாகச் சேர்த்தால், சரியாகப் பத்து. விதிப்படி ஒரு சீசனில் தலையைக் காட்டினாலே அது ஒரு சீசன்தான். இன்றோடு நிறுத்தினாலும் ஜட்ஜுக்கு இடம் உண்டு என்பது என் கட்சி. அவர் மட்டையைத் தூக்கி நிற்கும்போது எதிரணிகள் பந்தை எறியாமலே முதல் பேஸுக்கு அனுப்பிவிடும் அளவுக்குப் பயந்தன. அந்தப் பயம்தான் உயரத்துக்குச் சான்று.

உயரம் மட்டுமே வைத்திருப்பவர்களின் வழக்கு எவ்வளவு தூரம் நிற்கும்? இதற்கு ஜேக்கப் டிகிராம்தான் சரியான ஆள். எனக்கு இந்த விவாதத்திலேயே மிகவும் பிடித்த வழக்கும் இதுதான். கல்லூரிக்குப் போனபோது இவர் பிட்சரே இல்லை, ஷார்ட்ஸ்டாப் என்ற இடத்தில் நின்று பந்து பிடித்தவர். மேஜர் லீக்குக்கு வரும்போது 25 வயது. 2018இல் 32 ஆட்டங்களைத் தொடங்கி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.70 ரன் மட்டுமே கொடுத்தார். இந்தக் காலத்தில் அது நம்ப முடியாத எண். அந்த சீசனில் அவர் கணக்கில் ஏறிய வெற்றி எத்தனை தெரியுமா? பத்து. தோல்வி ஒன்பது. அவருடைய அணியான மெட்ஸ் அவர் எறியும் நாட்களில் மட்டையையே மறந்துவிடும். நல்லவேளையாக, வெற்றிக் கணக்கைப் பார்த்துத் தீர்ப்பெழுதும் காலம் போய்விட்டிருந்ததால் சை யங் விருதை அவருக்கே கொடுத்தார்கள். அடுத்த ஆண்டும் அவருக்கே. 2021இல் பாதி சீசனில் அவர் சராசரி 1.08. அதற்குப் பிறகு முழங்கை, தோள்பட்டை, மறுபடி முழங்கை. 2025இல் திரும்பி வந்து 12 ஆட்டம் ஜெயித்தும் வாழ்நாள் கணக்கு 96 வெற்றிதான்; நூறு ஆகவில்லை.

இவருக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் உடனே எடுக்கும் பெயர் சாண்டி கோஃபாக்ஸ். கோஃபாக்ஸ் 1966இல், 30 வயதில், கை வலி தாங்காமல் விலகியவர். மொத்தம் 165 வெற்றிதான். ஆனால் கடைசி நான்கு சீசனில் மூன்று சை யங் வாங்கினார், அதுவும் இரண்டு லீக்குக்கும் சேர்த்து ஒரே விருது கொடுத்த காலத்தில். ஐந்து வருடக் காத்திருப்பு முடிந்ததும் முதல் தேர்தலிலேயே உள்ளே போனார். ஜாஸ் கணக்குப்படி அவர் சராசரிக்குக் கீழேதான் வருகிறார். அதைச் சொல்லி யாரும் அவர் தகட்டைக் கழற்றச் சொல்வதில்லை.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்காது. யோஹான் சந்தானா என்று ஒரு பெயரைப் போடும். இரண்டு சை யங், சில வருடம் உலகத்திலேயே சிறந்த பிட்சர், அப்புறம் தோள்பட்டை போயிற்று. 2018 தேர்தலில் அவருக்கு விழுந்தது 2.4 சதவீதம். ஒரே வருடத்தில் பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது. கோஃபாக்ஸுக்கும் சந்தானாவுக்கும் நடுவில் டிகிராம் எங்கே நிற்கிறார்? இன்றோடு நிறுத்தினால் சந்தானா பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். ஆனால் காற்று மாறுகிறது. 169 வெற்றியோடு முடித்த ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்கு 2025இல் முதல் தேர்தலிலேயே 20 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. பத்து வருடத்துக்கு முன்பு இப்படி நடந்திருக்காது. பிட்சர்கள் குறைவாகவே எறியும் காலம் இது என்பதை ஓட்டுப் போடுபவர்கள் மெல்ல ஏற்றுக்கொள்கிறார்கள். டிகிராமுக்கு இன்னும் இரண்டு நல்ல சீசன் கிடைத்தால் நானே கட்சி மாறிவிடுவேன்.

நீளம் இருந்து உயரம் குறைந்தவர்கள் பக்கம் அவ்வளவு சுவாரசியம் இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜியான்கார்லோ ஸ்டான்டன் 453 ஹோம் ரன் அடித்திருக்கிறார். இன்னும் 47 வந்தால் 500. ஊக்கமருந்துக் கறை இல்லாமல் 500 அடித்து, தேர்தலுக்கு வந்த ஒருவர்கூட இதுவரை வெளியே நின்றதில்லை. ஆனால் பல வருடமாக அவர் அடிக்க மட்டுமே வருகிறார், தடுக்க இறங்குவது அபூர்வம். வார் கணக்கு அவர் பக்கம் இல்லை. 500 என்ற கல்லுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதா என்பதற்கு அவர்தான் பரீட்சை.

சால்வடோர் பெரெஸ் வழக்கு வேறு மாதிரி. கன்சாஸ் சிட்டி அணியின் கேட்சர், அதாவது பிட்சர் எறிவதை உட்கார்ந்து வாங்குபவர். முந்நூறு ஹோம் ரன்னைத் தாண்டிவிட்டார். 2015 உலகத் தொடரின் சிறந்த வீரர். 2021இல் ஒரே சீசனில் 48 ஹோம் ரன். அந்த ஊரில் போய் இவர் உள்ளே போவாரா என்று கேட்டால் அடிக்க வருவார்கள். வார் கணக்கோ 40ஐக்கூட எட்டவில்லை. ஒரு காரணம், ஃபிரேமிங் என்ற ஒரு கலை. எல்லைக்கோட்டை ஒட்டி வரும் பந்தை நடுவர் நல்ல பந்து என்று நம்பும்படி நாசூக்காகக் கையுறையில் வாங்குவது. பெரெஸுக்கு அது கைவரவில்லை என்று கணினிகள் அளந்து சொல்லிவிட்டன. பழைய காலத்து கேட்சர்களை யாரும் இப்படி அளந்ததில்லை. அளக்க வழி வந்த காலத்தில் பிறந்தது அவர் துரதிர்ஷ்டம். ஒரு வேடிக்கை: 2026இலிருந்து நடுவரின் தீர்ப்பை எதிர்த்து இயந்திரத்திடம் முறையிடலாம் என்று விதி வந்துவிட்டது. அந்த நாசூக்குக்கு இனி எவ்வளவு மதிப்பிருக்கும்?

பெரெஸுக்காகப் பேசுபவர்கள் கையில் எடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு. உள்ளே இருப்பவர்களில் யார் மட்டமோ அவரைத் தேடிப் பிடித்து, அவரே இருக்கும்போது இவர் ஏன் கூடாது என்று கேட்பது. இந்த வாதத்தில் எப்போதும் மாட்டிக்கொள்பவர் ஹெரால்டு பெயின்ஸ். எழுத்தாளர்கள் அவருக்கு ஒருமுறைகூட ஏழு சதவீதம் தரவில்லை. 2018 டிசம்பரில் 16 பேர் குழு சரியாக 12 ஓட்டுப் போட்டு உள்ளே அனுப்பிவிட்டது. பாவம், அவர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதவர். ஆனால் இந்த வாதத்தை ஒப்புக்கொண்டால் வாசலில் இன்னும் நூறு பேர் வரிசை கட்டி நிற்பார்கள். யாராவது பெயின்ஸ் பெயரை எடுத்தால் அந்த வழக்கில் வேறு சரக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தவறு, புதிதாக வருபவர்கள் அதிகம் செய்வது: இளம் வீரரின் இன்றைய வேகத்தை அப்படியே பத்து வருடத்துக்குப் பெருக்கிவிடுவது. ஹுவான் சோட்டோவுக்கு இப்போது 27 வயது, 244 ஹோம் ரன். இப்படியே போனால் 600 என்று கணக்குப் போட ஒரு நிமிடம் ஆகாது. ஆண்ட்ரூ ஜோன்ஸையும் ஒரு காலத்தில் அப்படித்தான் பெருக்கினார்கள். குராசோ என்ற சின்னத் தீவிலிருந்து வந்தவர். 19 வயதில் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன் அடித்தார். 30 வயதோடு எல்லாம் சரிந்தது. முதல் தேர்தலில் 7.3 சதவீதம், மயிரிழையில் பட்டியலில் தங்கினார். ஒன்பதாவது முயற்சியில், 2026 ஜனவரியில்தான் கதவு திறந்தது. அதே குராசோவிலிருந்து வந்த கென்லி ஜான்சனும் இன்று விவாதத்தில் இருக்கிறார். கேட்சராகத் தொடங்கி, மட்டையடி வராததால் பிட்சராகி, கடைசி இன்னிங்ஸில் மட்டும் வந்து வெற்றியைக் காப்பாற்றிக் கொடுப்பவராக மாறியவர். அப்படி 470 ஆட்டங்களுக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார். 422 காப்பாற்றிய பில்லி வாக்னர் பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில் 2025இல் உள்ளே போனதால் ஜான்சனுக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் ஒரு ஆட்டத்துக்கு ஒரு இன்னிங்ஸ் எறிபவரை ஆறு, ஏழு எறிபவரோடு எப்படிச் சமமாக வைப்பது? நான் இதில் கொஞ்சம் கஞ்சன்.

எண்களைத் தாண்டிய ஒரு சிக்கலும் உண்டு. ஓட்டுப் போடும் விதியில் சாதனை, திறமையோடு நேர்மை, விளையாட்டுப் பண்பு, குணம் என்ற சொற்களும் இருக்கின்றன. 762 ஹோம் ரன், ஏழு எம்விபி வைத்திருக்கும் பாரி பாண்ட்ஸ் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டால் பத்து முறை நின்றும் 66 சதவீதத்தோடு வெளியே போனார். ஆடிக்கொண்டிருப்பவர்களில் இந்தச் சொற்கள் துரத்துவது ஹோசே அல்டூவேயை. ஐந்தடி ஆறங்குல உயரம், மூன்று முறை பேட்டிங் சராசரியில் முதலிடம், 2017இல் எம்விபி. அந்த 2017இல்தான் அவருடைய ஹூஸ்டன் அணி மைதானத்துக் கேமரா மூலம் எதிரணி கேட்சரின் சைகையைத் திருடி, குப்பைத் தொட்டியில் தட்டி மட்டையடிப்பவருக்குச் சொல்லிக்கொடுத்தது. அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம். வீரர்கள் யாருக்கும் தண்டனை இல்லை. அல்டூவே அந்தத் தட்டலைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்று சக வீரர் கார்லோஸ் கொரியா பகிரங்கமாகச் சொன்னார். ரசிகர்கள் காதில் அது ஏறவில்லை, இன்னும் வெளியூர் மைதானங்களில் அவரைக் கூச்சலிட்டு வரவேற்கிறார்கள். ஆனால் எழுத்தாளர்கள் இறங்கி வருகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. அந்த விசாரணை அறிக்கையில் பெயர் வந்த ஒரே வீரரான கார்லோஸ் பெல்ட்ரானை மூன்று வருடம் காக்கவைத்து, ஜோன்ஸோடு சேர்த்து 2026இல் உள்ளே விட்டுவிட்டார்கள். அல்டூவேயும் கொஞ்சம் காத்திருப்பார், அவ்வளவுதான்.

கடைசியாக ஓட்டானி. இவரிடம் வரும்போது மேலே சொன்ன அளவுகோல் எல்லாம் கோணலாகிவிடுகிறது. நான்கு எம்விபி விருதுகள்: 2021, 2023, 2024, 2025. நான்கிலும் ஓட்டுப் போட்ட ஒவ்வொருவரும் அவரையே முதலிடத்தில் எழுதினார்கள். 2024இல் 54 ஹோம் ரன், 59 முறை பேஸ் திருடல் (பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). ஐம்பதும் ஐம்பதும் சேர்ந்து ஒருவருக்கு வந்தது அதுவே முதல்முறை. 2025 அக்டோபர் 17 அன்று, உலகத் தொடருக்கு யார் போவது என்று முடிவாகும் ஆட்டத்தில், பிட்சராக ஆறு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அதே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன்னும் அடித்தார். இதை இரண்டு ஆளாகப் பிரித்தால் பிட்சர் ஓட்டானியிடம் நீளமே இல்லை, மட்டையடிக்கும் ஓட்டானியிடம் 280 ஹோம் ரன்தான். சேர்த்து வைத்தால் ஒப்பிட ஆளே கிடையாது.

ஆனால் இன்றோடு அவர் மட்டையைக் கீழே வைத்தால் உள்ளே போக முடியாது! 2018இல் வந்தவர், முடித்திருப்பது எட்டு சீசன். ஜப்பானில் ஆடிய ஐந்து வருடம் இந்தப் பத்துக் கணக்கில் சேராது. 2027இல் ஒரு நாளாவது களமிறங்கினால் பத்தாகிவிடும். அவருக்கு முன்பு ஜப்பானிலிருந்து வந்த இச்சிரோவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 27 வயதில் அமெரிக்கா வந்தும் 3,089 ஹிட் அடித்து எல்லா வாயையும் அடைத்துவிட்டார். 2025 தேர்தலில் 394இல் 393 ஓட்டு. அந்த ஒருவர் யார் என்று இன்றுவரை வெளியே தெரியவில்லை. டெரெக் ஜீட்டருக்கும் 397இல் ஒன்று குறைந்தது. ஒரு ஓட்டும் குறையாமல் போனவர் மரியானோ ரிவேரா மட்டும்தான், 2019இல், 425க்கு 425.

ஓட்டானி இரண்டாவது ஆளாக வருவாரா என்று இப்போதே பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேப் ரூத்துக்கே 11 பேர் போடவில்லை. ஓட்டானிக்கும் ஒருவர் போடமாட்டார் என்பது என் பந்தயம்.